படகுக் கொட்டகையில் நிற்கிறவன்

முதலில் மழைதான் வந்தது. திரை கறுப்பாகவே கிடக்க, தகரத்தில் சடசடவென்று விழுகிற மழைச் சத்தம் மட்டும் லேப்டாப்புக்குள்ளிருந்து கொட்ட, ஜெபசிங் தன்னையறியாமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டான். வெளியே எங்கே மழை, தூத்துக்குடி வைகாசி மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சாப்பாடு முடிந்து தெருவே உறங்குகிறது, வாசலில் அவனுடைய மஞ்சள் ஸ்கூல் வேன் கழுவித் துடைத்து நாளைக் காலைக்காக நிற்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஆனாலும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. இது அந்த மழை. அதற்கப்புறம் எத்தனை நிஜ மழை, ஒரு மழையில் வேன் முங்கி இன்ஜினே போனது, அதெல்லாம் காதிலிருந்து எப்பவோ வடிந்துபோக, இந்தப் பொய் மழையை மட்டும் அதே காது இத்தனை வருஷம் பத்திரமாக மடித்து வைத்திருந்திருக்கிறது பாருங்கள், அடேயப்பா, எந்தச் சொட்டுக்கு அப்புறம் இடி விழும் என்பதுவரை. இப்ப இடிக்கும் என்று நினைத்தான். இடித்தது. "எண்ணே, வந்துட்டுல்லா! அதே இடி!" என்று அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. பியூலா. அவன் கூடப்பிறந்த தங்கச்சி, சென்னையில் ஒரு காலேஜில் கணக்கு வாத்தியாராக இருக்கிறவள், முன்நெற்றியில் நரை வந்த பிறகும் அண்ணனை அடிக்கிற கை மட்டும் மாறவில்லை. லீவுக்கு வந்தவள் இன்று ராத்திரி ரயிலுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் இதை உனக்குக் காட்டியே ஆகணும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். 'கிரே ஜெட்டி'. சாம்பல் நிறப் படகுத்துறை என்று அர்த்தம், கம்ப்யூட்டரில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு. அவள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவது அந்த வரிசையில் பதினாலாவதாம், அதில் எதிரி வியர்த்தால் வியர்வை தெரியுமாம். முதலாவதை, அவர்கள் விளையாடியதை, ஒன்றையும் மாற்றாமல் கம்பெனிக்காரனே தூசிதட்டி மறுபடி விட்டிருக்கிறான் என்றாள். ஜெபசிங்கின் மனைவி ஹெலன் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள், இல்லாவிட்டால் இந்த வயசில் இது ஒரு கேடா என்று கேட்டிருப்பாள். கேட்டிருந்தாலும் இப்போது அவன் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் கறுப்புத் திரை மெல்ல விலகி, மரப்பாலமும் அதற்கு அப்பால் அந்தக் கடலும் வந்துவிட்டது.

கடல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். கடலை யார் பார்த்தார்கள், அது பாட்டுக்குக் கிடந்தது, மீன் வந்தால் சரி, காற்று வந்தால் சரி. கடலை அவன் முதன்முதலாக நின்று பார்த்தது இந்த விளையாட்டுக்குள்தான், சொன்னால் சிரிப்பார்கள். கட்டம் கட்டமான அலை, மடித்துப் போட்ட தகரத் தகடு கணக்காக ஏறி இறங்கும், தூரத்தில் கலங்கரை விளக்கம் சுற்றும், அதன் வெளிச்சம் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்து நம் மேல் பட்டு அப்பால் போகும். அந்த வெளிச்சம் மேலே பட்ட முதல் தடவை அவன் மூச்சே விடவில்லை. பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக அண்ணனும் தங்கச்சியும், செருப்பு வாசலில், ஜெனரேட்டர் புகை உள்ளே, ரெண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு, சுட வந்ததை மறந்து, வெளிச்சம் போய்த் திரும்பி வருகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த சென்டரில் ரெண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒரு சிஸ்டம்தான் தருவார்கள், ஆகையால் அங்கே எல்லாருமே ஒரு சிப்பாயை ரெண்டாகப் பிரித்துத்தான் விளையாடினார்கள். இடப்பக்கம் உட்கார்ந்து கீபோர்டைப் பிடிக்கிறவர் கால். வலப்பக்கம் மவுஸைப் பிடிக்கிறவர் கை. கால் நடக்கும், ஓடும், குனியும். கை திரும்பும், குறிபார்க்கும், சுடும். காலுக்குப் போகிற வழி தெரிய வேண்டும், கைக்கு ஒரே ஒரு சட்டம்தான், நடுவில் இருக்கிற குறிப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பியூலா கால். அவன் கை. ஒருத்தருக்கொருத்தர் பேசாமலே அவள் நின்றால் அவன் திரும்புவான், அவன் திரும்பினால் அவள் நகர்வாள், ஒரே வயிற்றில் பிறந்ததன் பலன் அங்கேதான் தெரிந்தது, பரீட்சையில் தெரியவில்லை. ஊரில் வேறெங்கேயாவது இப்படி விளையாடினார்களோ என்னவோ, காலேஜில் போய் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை என்று பியூலா சொல்லியிருக்கிறாள்.

"உக்காருண்ணே, நான் காலு, நீ கையி. பழைய குருடி கதவைத் தொறடி!" என்று அவள் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாலம் நகர்ந்தது. அவள் நடக்கிற நடை அப்படியே இருந்தது, ரெண்டெட்டு வைத்து ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில்தான் அவன் திரும்ப வேண்டும், மவுஸைப் பிடித்த கை யாரையும் கேட்காமல் தானே திரும்பியது. முதல் காவல்காரன் விளக்குக் கம்பத்தின் அடியில். விழுந்தான். ரெண்டாமவன் மீன்கூடைகளுக்குப் பின்னால். விழுந்தான். கர்த்தாவே, இதெல்லாம் எங்கே இருந்தது எனக்குள்ளே என்று ஜெபசிங் வியந்தான். நேற்று டீசல் போட்டோமா என்பது ஞாபகம் இல்லை, இந்தக் கூடைக்குப் பின்னால் ஆள் குனிந்திருப்பது ஞாபகம் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், கூடை கூடையாகவே இல்லை. உற்றுப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் நாலு கோடு, அவ்வளவுதான். காவல்காரனுக்கு மூக்கில்லை, விரல்கள் தனித்தனியாக இல்லை, கரண்டி மாதிரி ஒரு கை. மதில் என்பது ஒரே கல்லைப் பத்துத் தடவை ஒட்டியது. அன்றைக்கு இதில் மீன் செதில் பார்த்தோமே, காவல்காரன் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததே, பியூலா, தழும்பு இருந்துச்சுல்லா? "இருந்துச்சுண்ணே. இந்த எடது கன்னத்துல." இங்கே கன்னமே இல்லை. அப்படியென்றால் அந்தத் தழும்பை யார் போட்டது? கம்பெனிக்காரன் நாலு கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டான், மிச்சத்தையெல்லாம் மனசு இருந்து வரைந்திருக்கிறது, அதுவும் ரெண்டு மனசும் சொல்லிவைத்த மாதிரி ஒரே தழும்பை. கூலி கேட்காமல், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். மனசு என்ன லேசுப்பட்ட கழுதையா. அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது, சின்ன வயசு திரும்பி வந்ததற்காக அல்ல, சின்ன வயசில் செருப்புப் பிய்ந்து திரிந்ததுதான் மிச்சம், தனக்குள்ளே இப்படி ஒரு வேலைக்காரன் இருந்திருக்கிறான், இத்தனை நாளும் தெரியாமல் இருந்திருக்கிறதே என்பதற்காக.

பாலம் முடிந்து படகுக் கொட்டகை வந்தது. மரக்கதவு, உள்ளே கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, சுற்றிலும் பலகைச் சுவர். கதவைத் தாண்டியதும் டுமீல், திரை சிவந்து, விழுந்துவிட்டார்கள். "என்னண்ணே!" சரி, கை வழுக்கிவிட்டது, மறுபடி முதலிலிருந்து, விளக்குக் கம்பம், கூடை, கொட்டகை, டுமீல். எங்கேயிருந்து சுடுகிறான்? அவன் குறிப்புள்ளியில்தான் கண்ணை வைத்திருக்கிறான், படகு தெரிகிறது, பலகைகள் தெரிகின்றன, பலகைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து கசிகிற நீல வெளிச்சம்கூடத் தெரிகிறது, ஒரு ஈ காக்கா இல்லை. மூன்றாம் தடவையும் விழுந்தபோது பியூலா வாய்விட்டுச் சிரித்தாள். "சவத்த! இன்னும் இந்தச் சேட்டைய விடலையா நீ? நிக்கான்லா அங்கன, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு, கல்லு மாதிரி!" அப்போதுதான் அவனுக்கும் ஞாபகம் வந்தது, கொட்டகையில் ஒருத்தன் இருப்பான், இடப்பக்கம், மழைக்கோட்டுக்காரன். அன்றைக்கெல்லாம் அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜெபசிங் சும்மா இருப்பான், எங்கே எங்கே ஒருத்தனும் இல்லையே என்று அப்பாவியாகக் கேட்பான், பியூலா சுடுண்ணே சுடுண்ணே என்று நாற்காலியில் எகிறிக் குதிப்பாள், கடைசி நொடியில் திரும்பிச் சுடுவான், ஒவ்வொரு தடவையும் அவள் ஏமாறுவாள், அது கைக்காரர்கள் எல்லாரும் கால்காரர்களுக்குச் செய்கிற வழக்கமான குறும்பு. ஆனால் இப்போது அவன் குறும்பு செய்யவில்லை. "இல்லட்டி. இந்த தடவ மாத்திட்டானுவ. அவன எடுத்துட்டானுவ." "நடிக்காதண்ணே." "நடிக்கலட்டி." நடிக்கவில்லைதான், ஆனால் அதைச் சொன்ன குரல் அவனுக்கே நடிப்பு மாதிரிக் கேட்டது. உள்ளே ஏதோ ஒன்று, மீன் முள் தொண்டையில் நின்றது போல, குத்தவும் இல்லை இறங்கவும் இல்லை. மாசி மாசத்தில் ஒருநாள் காலையில் தலை அப்படி வலித்தது. வாந்தி எடுத்தான். வெயில் தாக்கிவிட்டது என்று ஹெலன் மோரைக் கரைத்துக் கொடுத்தாள், ஒருநாள் படுத்தான், எழுந்துவிட்டான், அவ்வளவுதான், அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். கதவு நிலையில் தோள்பட்டை இடிக்கிறது, யாருக்குத்தான் இடிக்கவில்லை. சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுகிறான், ஹெலன் சொன்னாள், ஒமக்குக் கவனமே இல்ல, எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீரு. செம்பை அவள் எந்தப் பக்கம் வைப்பாள்? வேன் கண்ணாடி உரசியது, பால் வண்டிக்காரன் கத்தினான், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு என்று, அவன் குறுக்கே வந்தான், குறுக்கே வந்தவன் எந்தப் பக்கமிருந்து வந்தான், வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், மழைக்கோட்டுக்காரனை எடுத்துவிட்டார்கள், புதுசாக விடும்போது எதையாவது மாற்றத்தானே செய்வார்கள், மாற்றாவிட்டால் அவன் என்ன வியாபாரி.

"காட்டுட்டி பாப்பம்" என்றான். பியூலா விளையாட்டை நிறுத்தி வைத்தாள், படகும் பலகையும் நீல வெளிச்சமும் அப்படியே உறைந்து நின்றன. "இந்தா." அவன் குறிப்புள்ளியைப் பார்த்தபடி காத்திருந்தான். "காட்டு." "காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!" ஒன்றும் வரவில்லை. "கைய வெச்சுக் காட்டுட்டி." அப்போது அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது, டக், டக், டக், நகம் திரையில் படுகிற சத்தம், ரொம்பப் பக்கத்தில், முகத்துக்கு எதிரே, அவன் பார்த்துக்கொண்டிருக்கிற அதே திரையில். பலகைச் சுவர் அசையாமல் இருந்தது. ஒரு பலகை, அடுத்த பலகை, அடுத்த பலகை, நடுவில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம், எங்கேயும் ஓட்டை இல்லை, இருட்டு இல்லை, மங்கல்கூட இல்லை. டக், டக். ஜெபசிங் மெதுவாகக் கண்ணை இடப்பக்கம் நகர்த்தினான். வளையல் போட்ட கை ஒன்று காற்றிலிருந்து வந்தது. கைக்குப் பின்னால் முழங்கை, முழங்கைக்குப் பின்னால் பியூலா, அவளுடைய விரல் நுனியில், நெஞ்சுயரத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, மழைக்கோட்டுக்காரன். எவ்வளவு பெரிய ஆள்! கதவு உயரம் இருக்கிறான். கண்ணைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தான், ஆள் இல்லை, கை இல்லை, பியூலா இல்லை, நல்ல பலகைச் சுவர். இடப்பக்கம், ஆள். நடு, சுவர். அப்பாவே. இடது கண்தான் கெட்டுவிட்டதாக்கும் என்று அதைப் பொத்தினான், சுவர். வலது கண்ணைப் பொத்தினான், அதே சுவர். ரெண்டு கண்ணும் சேர்ந்து பொய் சொல்லுமா, கண் இல்லை அப்படியானால், கண்ணுக்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே அந்த வேலைக்காரன், தழும்பு போட்டவன், மீன் செதில் வரைந்தவன், அவன்தான். அவனுக்கு வேண்டிய பாதி வந்து சேரவில்லை, அதற்காக அவன் சும்மா இருக்கவில்லை, பக்கத்துப் பலகையைப் பார்த்து இதற்கும் ஒரு பலகை, இங்கே ஒரு கீற்று வெளிச்சம் என்று ஒட்டே தெரியாமல் வரைந்து கொடுத்துவிட்டு, இந்தா உலகம், முழுசாக இருக்கிறது, போ என்று அனுப்பியிருக்கிறான். எத்தனை சுத்தமான வேலை! பயப்பட வேண்டிய நேரத்தில் ஜெபசிங்குக்கு முதலில் வந்தது பிரமிப்புத்தான், கோவிலில் மண்டியிடும்போதுகூட வராத பிரமிப்பு. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

"எண்ணே?" பியூலாவின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "என்னப் பாக்காம நேரப் பாரு. இங்க எத்தன வெரல்?" "எங்கட்டி?" என்றான் அவன், கேட்ட உடனேயே அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது அவனுக்குக் கேட்டது. அவனுக்கோ வேன்தான் ஓடியது மண்டைக்குள். வேனின் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் ஏறுவது இடப்பக்கம், இறங்குவது இடப்பக்கம், ரோட்டோரம் என்பதே இடப்பக்கம். ரோசம்மாள் அக்கா என்று கூடவே வருகிற ஆயா பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் உடம்பில் ரெண்டு தட்டுத் தட்டுவாள், அவன் நேரே பார்த்தபடி எடுத்துவிடுவான், மாசியிலிருந்து பரீட்சை முடிகிறவரை அப்படித்தான் எடுத்தான், எத்தனை தெரு, எத்தனை திருப்பம், எவ்வளவு அழகான வெறும் ரோடுகள்! வெறுமையாக இருந்தது என்று யார் சொன்னது? அவன்தானே சொன்னான், உள்ளே இருக்கிறவன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே, இத்தனை நாள் ஓட்டியும் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லையே, கர்த்தர் பார்த்துக்கொண்டார், இனியும் பார்த்துக்கொள்ள மாட்டாரா, வேன்தான் சோறு, வேன் நின்றால் வீடு நின்றுவிடும், டாக்டரைப் பார்ப்போம், மாத்திரை இருக்கும், அதுவரை தலையைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் போச்சு, இல்லையென்றால் ரோசம்மாள் அக்காவை முன்னால் உட்கார வைத்து இடப்பக்கத்தைச் சொல்லச் சொல்லலாம், அதுதான் சரி, கால் ஒருத்தர் கை ஒருத்தர், அவனுக்கு அது புதுசா என்ன. "பியூலா, இன்னொரு தடவ நட. கொட்டகைக்குள்ள போனதும் எடதுன்னு சொல்லு. நான் அடிச்சிருவேன்." "வேண்டாண்ணே." "நடட்டி!" அவள் நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள், பார்க்காமலே அது அவனுக்குத் தெரிந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் நடை குழறியது. விளக்குக் கம்பம். கூடை. கதவு. "எடது!" என்று கத்தினாள், அவன் மவுஸை வெட்டி இழுத்தான், பலகைகள் பறந்தன, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மழைக்கோட்டுக்காரன் முளைத்தான், குறி அவன் தோளைத் தொட்டது, டுமீல், திரை சிவந்தது. மறுபடி. "எடதுண்ணே!" டுமீல். மறுபடி, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லு, சரி, "எடது!", இந்தத் தடவை ரெண்டு குண்டும் ஒரே சமயம் வெடித்தன, அவனும் விழுந்தான், இவர்களும் விழுந்தார்கள். மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது. அங்கேயிருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கிற பெரிய ஆள், எங்கே நிற்பான் என்பது இருவருக்கும் மனப்பாடம், அவளோ அவன் கூடப்பிறந்தவள், அப்படியும் பத்தவில்லை. பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்குமா? பந்து உருண்டால் பின்னால் ஓடும். செருப்புக் கழன்றால் குனியும்.

மவுஸைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தான். வேன் குரூப்பில் ஒரு குரலைப் பதிந்து போட்டுவிடலாம், வண்டி ரிப்பேர் என்றால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஒரு வாரத்துக்குத் தாங்கும், பிறகு இன்னொரு வாரம். ரிப்பேர் சரியாகிவிட்டது என்று ஒருநாள் காலையில் சாவியை எடுத்துவிடுவான், தன்னை அவனுக்குத் தெரியும். அதனால் கூப்பிட்டான். காலையில் முதல் ஆளாக ஏறுகிற பிள்ளை திரேஸ்புரத்தில் இருக்கிற ரியோனா, ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், அவளுடைய அம்மாவின் நம்பர். பியூலா பக்கத்தில்தான் இருந்திருப்பாள், அவள் கை அவன் இடது தோளில் வந்து விழுந்தபோது தூக்கிவாரிப் போட்டது. "சொல்லுங்கண்ணே, நாளைக்கு அதே நேரந்தான?" "இல்லம்மா. நாளைக்கு வேற வேனுக்குச் சொல்லிருங்க. நான் வரல." "ஏண்ணே, வண்டி ரிப்பேரா?" அந்தப் பொய்யை அவளே கையில் எடுத்துக் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்டால் முடிந்தது. "வண்டி நல்லா இருக்கு" என்றான் ஜெபசிங். "எனக்குத்தாம்மா. எடப்பக்கம் கண்ணு தெரியல. மாசியிலயிருந்து தெரியல போல, இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்படியேதாம்மா ஓட்டியிருக்கேன், ஒங்க பிள்ளையையும் வச்சுக்கிட்டு." சொல்லிவிட்டான். இனி அவள் ஏசுவாள், ஏசட்டும், அதற்குத் தகுந்ததுதான் என்று கண்ணை மூடிக்கொண்டான். "ஐயோ அண்ணே, அதானா?" என்றாள் அந்த அம்மா. "சாயங்காலம் எறங்குனதும் இவ ரோட்டோரத்துல நின்னு ஒங்களுக்கு டாட்டா காட்டுவால்லா. முன்னெல்லாம் ஆரன் அடிப்பீய. இப்பம் வேன் மாமா என்னத் திரும்பியே பாக்க மாட்டேங்காவ, நான் என்ன தப்பும்மா செஞ்சேன்னு ராத்திரியெல்லாம் கேப்பாண்ணே. நான் என்னத்தச் சொல்ல, கோவமாருக்கும்னு சொல்லிட்டேன்." ஜெபசிங்குக்கு அந்த இடம் தெரியும். திரேஸ்புரம் திருப்பத்தில் வெள்ளையடித்த ஒரு மதில், அதன் அடியில் காய்கிற ஒரு வலை, சாயங்கால வெயில். பங்குனி முழுக்க தினமும் பார்த்தான், வெறுமையாக, ஒட்டே இல்லாமல், அத்தனை தெளிவாக இருந்தது அந்த மதில். பிள்ளை வளர்ந்துவிட்டாள், டாட்டா காட்ட வெட்கப்படுகிறாள், அதனால் உள்ளே ஓடிவிடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தை மாசம்வரை தலைக்கு மேல் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவாள். "எப்பமும் காட்டுவாளாம்மா? தெனமும்?" "ஒருநாள் விடமாட்டாண்ணே. வேன் மறையுதவரைக்கும் நிப்பா." ஜெபசிங் போனைக் காதிலிருந்து எடுத்து, சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டான். "பிள்ளைட்ட போனக் குடும்மா" என்றான்.